தெரபிக்கு எவ்வளவு ஆகும்? அமெரிக்காவில் முதல் செஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது எப்படி

அமெரிக்கா வந்த இரண்டாவது குளிர்காலம், 2018. தூக்கம் அடியோடு போய்விட்டது. மனநலத்துக்குப் பேச்சு வழியில் சிகிச்சை தரும் ஒரு தெரபிஸ்டைத் தேடிப் பிடித்துப் போக ஆரம்பித்தேன். கட்டணம் எவ்வளவு என்று கேட்கவில்லை, வாய் வரவில்லை. டாக்டரிடம் காசு பேசுவது மரியாதை இல்லை என்று சொல்லி வளர்த்த வீடு எங்களுடையது. ஐந்து வாரம் கழித்து ஐந்து செஷனுக்கும் சேர்த்து ஒரே பில் வந்தது. எங்கள் மாத வாடகையில் பாதிக்கு மேல். கட்டினேன், அத்தோடு போவதை நிறுத்திவிட்டேன். தூக்கம் திரும்பி வர மேலும் ஒரு வருடம் ஆனது.

அந்த ஒரு வருடம் வீணாகியிருக்க வேண்டியதில்லை என்ற வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். கட்டணத்தை முன்கூட்டியே எழுத்தில் தரச்சொல்லும் நாடு தழுவிய சட்டம் அப்போது இல்லை, இப்போது இருக்கிறது. அதன் பெயர் 'நோ சர்ப்ரைசஸ் ஆக்ட்'. 2020 டிசம்பரில் கையெழுத்தாகி, 2022 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ளது. இன்சூரன்ஸ் இல்லாதவருக்கும், இன்சூரன்ஸ் இருந்தும் அதைப் பயன்படுத்தாமல் கையிலிருந்து கட்டுகிறவருக்கும், சிகிச்சைக்கு முன்பே செலவுக் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்தக் காகிதத்துக்கு 'குட் ஃபெய்த் எஸ்டிமேட்' என்று பெயர். பெரிய ஆஸ்பத்திரிக்கு மட்டுமில்லை, ஒற்றை அறையில் தனியாக உட்கார்ந்து தெரபி பார்க்கிறவருக்கும், வீடியோவில் மட்டும் பார்க்கிறவருக்கும் இது பொருந்தும்.

முதலில், நீங்கள் எந்தப் பக்கம்?

எல்லாம் இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இன்சூரன்ஸே இல்லாதவர் இந்த எஸ்டிமேட்டுக்கு உரியவர். ஆறு மாதத்துக்கு நம்மைப் பார்க்க வந்திருக்கும் அப்பா அம்மா, வேலை போய் இன்சூரன்ஸும் போனவர், குறுகிய கால பாலிசி மட்டும் வைத்திருப்பவர் எல்லாரும் இதில் வருவார்கள். இன்சூரன்ஸ் வைத்திருந்தும் 'இதற்கு கிளெய்ம் போட வேண்டாம், நானே கட்டிக்கொள்கிறேன்' என்று சொல்பவரும் இந்தப் பக்கம்தான். அவர்களை 'செல்ஃப் பே' என்பார்கள்.

இன்சூரன்ஸ் வழியாகப் போகிறவருக்கும் முன்கூட்டியே கணக்கு வர வேண்டும் என்று இதே சட்டம் சொல்கிறது. ஆனால் அதற்கான விதிமுறைகள் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கின்றன. அதனால் அவர்கள் வேறு வழியில் கேட்டு வாங்க வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன். மெடிகேர், மெடிகெய்டு என்ற அரசு இன்சூரன்ஸ் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் திட்டங்களின் விதிகளே தனி.

கையிலிருந்து கட்டுவதை ஏன் சிலர் தேர்ந்தெடுக்கிறார்கள்

இதைச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் நிறையப் பேர் கணவர் அல்லது மனைவியின் அலுவலக இன்சூரன்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். ஹெச்-4 விசாவில் வந்த பெண்களில் பலருக்கு அதுதான் நிலை. தெரபிக்கு கிளெய்ம் போட்டால், எந்தத் தேதியில், யாரிடம், எந்த வகைச் சேவைக்குப் போனீர்கள் என்ற விவரத்தோடு ஒரு கடிதம் வரும். பாலிசி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயருக்கே பெரும்பாலும் வரும். இன்னும் வீட்டில் சொல்லத் தயாராக இல்லாதவருக்கு அந்த உறை என்ன செய்யும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு பாதுகாப்பு உண்டு. முழுத் தொகையையும் நீங்களே கட்டிவிட்டால், அந்தச் சேவையைப் பற்றி இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்கக் கூடாது என்று தெரபிஸ்டிடம் எழுத்தில் கேட்கலாம். ஹிப்பா என்ற தனியுரிமைச் சட்டத்தின்படி அதை அவர் ஏற்றுத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, எஸ்டிமேட்டையும் பில்லையும் வீட்டு முகவரிக்கு அனுப்பாமல் உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பச் சொல்லலாம். எஸ்டிமேட் காகிதமாக வேண்டுமா, மின்னஞ்சலில் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். தெரபிஸ்ட் உங்கள் இன்சூரன்ஸின் நெட்வொர்க்கில், அதாவது கம்பெனியோடு கட்டண ஒப்பந்தம் போட்டவர்களின் பட்டியலில், இருப்பவர் என்றால் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தலாம். அதனால் நாள் குறிப்பதற்கு முன்பே இந்த விஷயத்தைப் பேசிவிடுங்கள்.

கேட்பது எப்படி

கேட்க முடியாத சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. இதற்கு மனுப் போட வேண்டாம், படிவம் தேட வேண்டாம். 'ஒரு செஷனுக்கு எவ்வளவு ஆகும்?' என்று நீங்கள் சாதாரணமாகக் கேட்டாலே, அதை எஸ்டிமேட் கேட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. பெயர் தெரியாவிட்டாலும் உரிமை போய்விடாது. ஆனாலும் பெயரைச் சொல்லிக் கேட்பது நல்லது. பெயரைச் சொன்னால் வரவேற்பில் இருப்பவருக்கு உடனே புரியும், வாய்வார்த்தையாக ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிட மாட்டார்.

நான் எப்போதும் எழுத்தில்தான் கேட்கிறேன். நாள் குறிக்கும்போதே ஆங்கிலத்தில் நான்கு வரி: நான் செல்ஃப் பே. முதல் மதிப்பீட்டுச் செஷனுக்கும், அதன்பின் வாரம் ஒருமுறை பன்னிரண்டு வாரத்துக்கும் குட் ஃபெய்த் எஸ்டிமேட் வேண்டும். மின்னஞ்சலில் அனுப்புங்கள். வர முடியாமல் போனால் எவ்வளவு பிடிப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அவ்வளவுதான். மன்னிப்பு, விளக்கம், 'தப்பாக நினைக்காதீர்கள்' எதுவும் வேண்டாம். கேட்டதற்காக எந்த நல்ல தெரபிஸ்டும் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால், அதை முதல் செஷனுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொண்டது உங்களுக்கு லாபம்.

நாள் குறிக்காமல் விசாரிப்பதற்காகவும் கேட்கலாம். மூன்று பேரிடம் வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கலாம். எஸ்டிமேட் வாங்கியதால் அவரிடம்தான் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, அது ஒப்பந்தம் இல்லை.

எத்தனை நாளில் வர வேண்டும்

வேலை நாட்களை மட்டும் எண்ணுங்கள். செஷனுக்குக் குறைந்தது மூன்று வேலை நாள் இருக்கும்போது பதிவு செய்தால், பதிவு செய்த மறு வேலை நாளுக்குள் எஸ்டிமேட் கைக்கு வர வேண்டும். பத்து வேலை நாளோ அதற்கு மேலோ இருந்தால் மூன்று வேலை நாளுக்குள். பதிவு செய்யாமல் கேட்டிருந்தாலும் மூன்று வேலை நாள்தான்.

திங்கள்கிழமை பேசி வெள்ளிக்கிழமைக்கு நாள் வாங்கினீர்கள் என்றால், செவ்வாய்க்குள் வந்திருக்க வேண்டும். திங்கள் பேசி செவ்வாய்க்கே நாள் கிடைத்துவிட்டால், தாமாக அனுப்பும் கடமை அவர்களுக்கு இல்லை. நீங்களாகக் கேட்க வேண்டும். கேட்டாலும் செஷனுக்கு முன் வராமல் போகலாம். அவசரம் இல்லாதபோது, முதல் செஷனுக்கு ஒரு வாரமாவது இடைவெளி விட்டு நாள் வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

தொலைபேசியில் தொகையைச் சொல்லிவிட்டால் போதாது, எழுத்தில் வர வேண்டும். வந்ததைப் பத்திரப்படுத்துங்கள். தொலைந்துவிட்டால், ஆறு வருடத்துக்குள் கொடுத்த எஸ்டிமேட்டின் நகலைக் கேட்டு வாங்கலாம்.

காகிதத்தை வாசிப்பது

உங்கள் பெயர், பிறந்த தேதி, தெரபிஸ்டின் பெயர், அவருடைய அடையாள எண்கள், சேவை நடக்கும் இடம், என்ன சேவை, அதன் எண், தொகை எல்லாம் இருக்கும். இவற்றில் கண்ணை ஊன்ற வேண்டியது சேவை எண்ணில்.

90791 என்பது முதல் மதிப்பீட்டுச் செஷன். உங்கள் கதையைக் கேட்டு, என்ன பிரச்சினை என்று கணிக்கும் நாள். பல இடங்களில் இதற்குக் கட்டணம் கூடுதல். 90834 என்றால் நாற்பத்தைந்து நிமிடத் தெரபி, 90837 என்றால் அறுபது நிமிடம். உண்மையில் 38 முதல் 52 நிமிடம்வரை நடந்தால் முதல் எண், 53 நிமிடமோ அதற்கு மேலோ நடந்தால் இரண்டாவது. தம்பதியாகவோ குடும்பமாகவோ சேர்ந்து உட்கார்ந்தால் 90847. உங்களோடு பேசியது 45 நிமிடம், பில்லில் இருப்பது 90837 என்றால் கேள்வி கேட்கலாம். அந்த ஓர் எண்ணைப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

நோய்க் குறியீட்டுக்கும் ஓர் இடம் இருக்கும். இன்னும் பார்க்கவே இல்லை, அதற்குள் நோய்ப் பெயரா என்று பயப்பட வேண்டாம். முதல் செஷனுக்கு முன் கணிப்பு எதுவும் இல்லாதபோது அந்த இடம் காலியாகவோ பொதுவான குறியீட்டோடோ வருவது சகஜம்.

இனி வருவதுதான் நான் பார்த்த புதியவர்கள் எல்லாரும் தடுமாறும் இடம். தெரபி வாரவாரம் நடப்பது என்பதால், திரும்பத் திரும்ப வரும் செஷன்களுக்கு ஒரே எஸ்டிமேட்டாக, அதிகபட்சம் 12 மாதத்துக்குக் கொடுக்கலாம். பல தெரபிஸ்டுகள் வருடம் முழுவதையும் கணக்குப் போட்டு 52 செஷன் என்று எழுதிவிடுகிறார்கள். செஷன் 150 டாலர் என்று வைத்துக்கொண்டால் அடியில் 7,800 டாலர் என்று நிற்கும். அதைப் பார்த்ததும் மின்னஞ்சலை மூடிவிட்டு, தெரபியே வேண்டாம் என்று முடிவு செய்த ஒரு தோழியை எனக்குத் தெரியும். அது நீங்கள் கட்ட வேண்டிய கடன் இல்லை. வந்த செஷனுக்கு மட்டும்தான் பணம். எட்டாவது செஷனில் நிறுத்தினால் எட்டுக்குத்தான் கட்டுவீர்கள்.

வருடக் கணக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பின்னால் சொல்லப்போகும் முறையீட்டில் பில்லின் மொத்தத்தை எஸ்டிமேட்டின் மொத்தத்தோடுதான் ஒப்பிடுவார்கள். 52 செஷனுக்கு 7,800 என்று எழுதிவிட்டு, பில்லில் செஷனுக்கு 200 என்று போட்டு, நீங்கள் இருபது செஷன் மட்டும் போயிருந்தால் பில் 4,000 தான். எஸ்டிமேட்டைத் தாண்டவில்லை, ஆனால் சொன்னதைவிட அதிகம் கட்டிவிட்டீர்கள். அதனால்தான் பன்னிரண்டு வாரத்துக்கு மட்டும் கேளுங்கள் என்றேன். பன்னிரண்டு வாரம் முடிந்ததும் புதிதாக ஒன்று கேட்டுக்கொள்ளலாம். தெரபி எப்படிப் போகிறது, இன்னும் எவ்வளவு நாள் என்று பேசுவதற்கும் அது நல்ல சந்தர்ப்பம்.

வர முடியாமல் போனால் பிடிக்கும் தொகை இந்தக் காகிதத்தில் இல்லாமல் இருக்கலாம். முதல் நாள் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தில் அது ஒளிந்திருக்கும். 24 மணி நேரத்துக்கு முன்னாலா, 48 மணி நேரத்துக்கு முன்னாலா, முழுக் கட்டணமா, பாதியா என்று தேடிப் படியுங்கள். இன்சூரன்ஸ் எதுவும் அந்தத் தொகையைக் கொடுக்காது.

நடுவில் மாறினால்

வாரம் ஒருமுறை என்பது இரண்டு முறை ஆகலாம், தனியாகப் போனவர் துணையோடு போகலாம், கட்டணம் கூடலாம். சேவையின் அளவு மாறினால், அடுத்த செஷனுக்குக் குறைந்தது ஒரு வேலை நாள் முன்னால் புதிய எஸ்டிமேட் தர வேண்டும். 'அடுத்த வாரத்திலிருந்து இரண்டு நாள் வாருங்களேன்' என்று அறைக்குள் அன்பாகச் சொல்லும்போது நமக்குத் தலையாட்டத்தான் தோன்றும். ஆட்டுங்கள், வெளியே வந்ததும் புதுக் கணக்கையும் கேளுங்கள்.

பில் எகிறினால்

முதலில் பேசுங்கள். எஸ்டிமேட்டையும் பில்லையும் பக்கத்தில் வைத்து, வித்தியாசத்தைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேளுங்கள். தவறுதலாக எண் மாறிப் போயிருப்பது உண்டு, அது ஒரே மின்னஞ்சலில் சரியாகிவிடும்.

சரியாகவில்லை, பில் எஸ்டிமேட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ அதிகம் என்றால், மத்திய அரசின் தகராறுத் தீர்வுக்குப் போகலாம். எஸ்டிமேட் 2,000, பில் 2,400 என்றால் போகலாம். 2,350 என்றால் இந்த வழி கிடையாது. முதல் பில்லின் தேதியிலிருந்து 120 நாளுக்குள் தொடங்க வேண்டும். இது காலண்டர் நாள் கணக்கு, சனி ஞாயிறும் சேரும். கட்டணம் 25 டாலர். நீங்கள் ஜெயித்தால் அதைக் கட்ட வேண்டிய தொகையில் கழித்துக்கொள்வார்கள். எஸ்டிமேட், பில் இரண்டின் நகலும் வேண்டும். எழுத்தில் வாங்கவில்லை என்றால் முறையிடக் கையில் எதுவும் இருக்காது.

சம்பந்தமில்லாத ஒரு மூன்றாம் தரப்பு நடுவர் இதைப் பார்ப்பார். கூடுதல் தொகைக்குத் தெரபிஸ்ட் தக்க காரணம் காட்டாவிட்டால் எஸ்டிமேட்டில் சொன்ன தொகைதான் நிலைக்கும். விசாரணை நடக்கும்வரை உங்கள் பில்லை வசூல் ஏஜென்சிக்குத் தள்ளக் கூடாது, தாமதக் கட்டணம் சேர்க்கக் கூடாது, முறையிட்டதற்காகப் பழிவாங்கவும் கூடாது. இதைத் தெரிந்துகொள்ளாமல், கிரெடிட் ஸ்கோர் போய்விடுமோ என்ற பயத்தில் அவசரமாகக் கட்டிவிடுகிறவர்கள்தான் அதிகம். விசா, வீட்டு வாடகை, கார் கடன் என்று எதையெல்லாமோ நினைத்துப் பயப்படுகிறோம். பயப்படாமல் 1-800-985-3059 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். இந்தச் சட்டத்துக்கென்றே அரசு வைத்திருக்கும் உதவி எண். எஸ்டிமேட் கேட்டும் தராவிட்டால் புகார் சொல்வதற்கும் இதே எண்தான்.

இன்சூரன்ஸ் வழியாகப் போகிறவர்களுக்கு

உங்கள் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட்டு, மனநலப் பிரிவைக் கேளுங்கள். 'தெரபிக்கு கவரேஜ் இருக்கிறதா?' என்று கேட்டால் 'இருக்கிறது' என்று பதில் வரும், அதனால் எந்தப் பிரயோஜனமும் இல்லை. எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: 90791-க்கும் 90837-க்கும் இந்தத் தெரபிஸ்டிடம் நான் எவ்வளவு கட்ட வேண்டும்? அவர் நெட்வொர்க்கில் இருக்கிறாரா? டிடக்டிபிளில் இதுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது? அது முடியும்வரை முழுத் தொகையா, கோபே (ஒவ்வொரு முறையும் நாம் கட்டும் நிலையான தொகை) மட்டுமா? முன் அனுமதி வேண்டுமா? பேசியவரின் பெயரையும் அழைப்பின் குறிப்பு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

டிடக்டிபிள் என்பது, இன்சூரன்ஸ் கம்பெனி தன் பங்கைக் கொடுக்கத் தொடங்குவதற்கு முன் நீங்கள் கட்டித் தீர்க்க வேண்டிய தொகை. அது 1,500 டாலர், ஒப்பந்தக் கட்டணம் செஷனுக்கு 120 என்று வைத்துக்கொண்டால், வேறு மருத்துவச் செலவு எதுவும் இல்லாவிட்டால் பன்னிரண்டு செஷன்வரை முழு 120-ம் உங்கள் கையிலிருந்துதான். பதின்மூன்றாவதில்தான் அவர்கள் கை நீளும். பெரும்பாலான அலுவலகத் திட்டங்களில் ஜனவரியில் இந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நவம்பரில் 20 டாலர் கட்டியவருக்கு ஜனவரியில் 120 வரும். யாரும் ஏமாற்றவில்லை, திட்டமே அப்படித்தான்.

நெட்வொர்க்கில் இல்லாத தெரபிஸ்ட் என்றால் அவருக்கு முழுத் தொகையையும் கட்டிவிட்டு, 'சூப்பர்பில்' என்ற ரசீதை வாங்கி நீங்கள் கிளெய்ம் போட வேண்டும். தமிழ் பேசும் தெரபிஸ்டைத் தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் வந்து நிற்கிறார்கள். அப்படி ஒருவர் கிடைப்பதே அரிது, கிடைத்தாலும் உங்கள் நெட்வொர்க்கில் இருப்பது அதைவிட அரிது. கட்டணத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்சூரன்ஸைக் கூப்பிடுங்கள். வெளிநெட்வொர்க்குக்குப் பெரும்பாலும் தனி டிடக்டிபிள் இருக்கும், அதுவும் பெரிதாக இருக்கும். கம்பெனி திருப்பித் தருவது நீங்கள் கட்டியதில் இத்தனை சதவீதம் என்று இல்லை, தாங்கள் 'நியாயம்' என்று வைத்திருக்கும் தொகையில் இத்தனை சதவீதம். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இன்னொன்று: சூப்பர்பில்லில் நோய்க் குறியீடு இருக்கும், கிளெய்ம் போட்டால் அதுவும் கம்பெனிக்குப் போகும். வெளியில் தெரிய வேண்டாம் என்று கையிலிருந்து கட்டியவர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு மாநிலத்தில் இருக்கும் தமிழ்த் தெரபிஸ்டை வீடியோவில் பார்க்க நினைத்தால், செஷனின்போது நீங்கள் எந்த மாநிலத்தில் இருக்கிறீர்களோ அங்கே அவருக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். கட்டணமெல்லாம் அதற்குப் பிறகு.

தொகையைப் பார்த்து மலைத்தால்

எஸ்டிமேட் கட்டுப்படியாகவில்லை என்றால் அதையே சொல்லிக் கேளுங்கள்: 'ஸ்லைடிங் ஸ்கேல் இருக்கிறதா?' வருமானத்துக்கு ஏற்பக் கட்டணத்தைக் குறைக்கும் முறை அது, பலர் சில இடங்களை அதற்கென்று ஒதுக்கி வைத்திருப்பார்கள். கேட்காதவருக்குச் சொல்ல மாட்டார்கள். மத்திய அரசின் உதவி பெறும் சமுதாய சுகாதார மையங்கள் வருமானத்தைப் பார்த்துத்தான் கட்டணம் போட வேண்டும். உளவியல் பட்டப்படிப்பு நடத்தும் பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் மேற்பார்வையில் பார்க்கும் பயிற்சி கிளினிக்குகள் உண்டு, அங்கே கட்டணம் மிகக் குறைவு. எஃப்-1 விசாவில் படிக்கிறவர்கள் முதலில் தங்கள் கல்லூரியின் ஆலோசனை மையத்தைப் பாருங்கள், பெரும்பாலும் தனிக் கட்டணமே இருக்காது. வேலையில் இருப்பவர்களுக்கு அலுவலகத்தின் ஊழியர் உதவித் திட்டத்தில் சில செஷன்கள் இலவசமாகக் கிடைக்கலாம். மருத்துவச் செலவுக்கென்று வரிச்சலுகையோடு பணம் சேர்க்கும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. கணக்கில் பணம் இருந்தால் தெரபிக்குக் கட்டலாம்.

உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் வரும் நிலையில் இருந்தால் இந்த எஸ்டிமேட், மூன்று வேலை நாள் எதுவும் உங்களுக்கு இல்லை. 988 என்ற எண்ணை அழையுங்கள், பேச முடியாவிட்டால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்புங்கள். இரவு பகல் எந்நேரமும் ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது.

போன வருடம் நான் மறுபடி தெரபிக்குப் போக ஆரம்பித்தேன், வேறொருவரிடம். எஸ்டிமேட் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு மறுநாள் காலையே பதில் வந்தது: முதல் செஷன் இவ்வளவு, மற்றவை இவ்வளவு, 24 மணி நேரத்துக்கு முன் சொல்லாவிட்டால் பாதி. கணக்குப் பார்த்தேன், எட்டு செஷன் தாங்கும். எட்டுக்கும் போனேன்.